ஒலிபெருக்கியில் இருப்பவள்

ஜூன் 3, திங்கள்

இல்லை, சத்தம் அதிகம் என்பது மட்டும் இல்லை. சத்தம் அதிகம்தான். ஆனால் நகராட்சிப் படிவத்தில் 'புகாரின் தன்மை' என்ற கட்டத்தில் அதை எழுதியதும் பொய் மாதிரி இருந்தது. அடித்தேன். 'தொந்தரவு' என்று எழுதினேன். அதையும் அடித்தேன். 'என் குரல்' என்று எழுத அந்தக் கட்டத்தில் தாராளமாக இடம் இருந்தது. எழுதவில்லை.

இங்கே எழுதலாம். தேச்சா மாமாவின் விளம்பர வண்டி ஒரு நாளில் நான்கு முறை எங்கள் சந்துக்குள் வருகிறது. கூரைமேல் திசைக்கு ஒன்றாக நான்கு ஒலிபெருக்கிகள். அவற்றில் பேசுவது நான். ஆறு வருடத்துக்கு முன், கல்லூரிக்காகச் சியாங் மாய் போவதற்கு முந்தைய விடுமுறையில், அவர் வீட்டுப் பின்னறையில் பதிவு செய்தது. எதிரொலி வரக் கூடாதென்று கம்பளியைத் தலைவழியே போர்த்திவிட்டார். உள்ளே நானும் ஒரு மைக்கும் வியர்வையும். பத்தொன்பது வயது.

"வந்துட்டோம், வந்துட்டோம்! உங்க வாசலுக்கே வந்துட்டோம்! மெத்தை, கட்டில், அலமாரி, எல்லாம் பாதி விலை! கடைசி மூணு நாள்! மூணே நாள்!"

அந்த மெத்தைக் கடைக்கு ஆறு வருடமாகக் கடைசி மூன்று நாள் நடந்துகொண்டிருக்கிறது.

வண்டி சந்து முனையில் திரும்பும்போதே அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிடுகிறார். முகம் மலர்ந்துவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என்னிடம் சொல்கிறார்:

"நர்சம்மா, கேட்டைத் திறங்க. என் பொண்ணு ரின் வந்துட்டா."

ஜூன் 5, புதன்

அப்பா முப்பத்தோரு வருடம் தபால்காரர். ஒரு கடிதத்தைக்கூட வீடு மாற்றிப் போட்டதில்லை என்பது அவருடைய ஒரே பெருமை. இப்போது எங்கள் வீட்டின் எண் அவருக்குத் தெரியாது. மாகாண மருத்துவமனை டாக்டர் மூளையின் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இங்கே, இங்கே, என்று விரலால் தொட்டுக் காட்டினார். மழைநீர் தேங்கின நிலம் மாதிரி இருந்தது.

ஜனவரியில் பாங்காக்கை விட்டு வந்தேன். வேலையைக் கையோடு கொண்டுவந்துவிட்டேன். யாரோ எங்கோ நடத்திய கூட்டங்களின் ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்வது. நாளெல்லாம் பிறர் குரல் காதில்.

இன்று அப்பா வண்டிக்குப் பின்னால் மூன்றாவது மின்கம்பம்வரை போய்விட்டார். போன வாரம் முதல் கம்பம்.

கேட்டைப் பூட்டிப் பார்த்தேன், பூட்டாமலா? கம்பியைப் பிடித்து உலுக்கி உலுக்கி உள்ளங்கை தோல் உரிந்தது. "பூட்டி வச்சா அவ எப்படிம்மா வருவா?" என்று கேட்டார். கோபமே இல்லாமல். அதற்குப் பிறகு பூட்ட முடியவில்லை.

ஜூன் 6, வியாழன்

எதிர்க்கடை ஓராசா அக்கா ரத்த அழுத்தம் பார்க்க வந்தாள். காலையில் நூடுல்ஸ் கடை, மதியம் சுகாதாரத் தொண்டர். இரண்டுக்கும் ஒரே ஏப்ரன்.

"போய் நேராச் சொல்லேன்டி. 'மாமா, எங்க சந்துல மட்டும் அதை அணைச்சிருங்க'ன்னு. ஒரே வரி."

"எப்படிக்கா சொல்றது?"

பட்டையை அப்பா கையில் சுற்றிக்கொண்டே யோசித்தாள். "ஆமா. எப்படிச் சொல்றது."

அம்மா இறந்தபோது தேச்சா மாமா மூன்று நாள் எல்லா விளம்பரத்தையும் நிறுத்தினார். தன் சொந்தக் குரலில், கரகரவென்று, ஒவ்வொரு சந்திலும் அம்மா பெயரைச் சொல்லி, எந்த விகாரை, எத்தனை மணி என்று அறிவித்தார். பணம் வைத்த உறையைக் கொடுத்தபோது இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். யார் வீட்டுச் சாவுக்கும் அப்படித்தான். அதனால்தான் இந்த ஊரில் அவர் மேல் யாரும் குறை சொல்வதில்லை.

"நான் புகார் குடுத்தா என் சாவுக்கு வண்டி வராது" என்றாள் ஓராசா அக்கா. "அப்புறம் எரிக்கிறப்ப நாலே பேர் நிப்பாங்க. அதுல ரெண்டு பேர் சாப்பாட்டுக்கு வந்தவனுங்க."

கிரெங் ஜாய். அடுத்தவர் மனம் கோணிவிடுமோ என்று தன் வாயைச் சுருக்கிக்கொள்வது. குழந்தைக்கு நடை பழக்குவதற்கு முன்பே இங்கே இதைப் பழக்கிவிடுகிறார்கள். கல்லூரியில் இதை விமரிசித்துப் பதினேழு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். ஒரு வரி சொல்ல முடியவில்லை.

ஜூன் 7, வெள்ளி

பெயர் போடாமல் நகராட்சிப் புகார்ப் பெட்டியில் போட்டேன். சுகாதாரப் பிரிவு பிசித் அண்ணன் எதிரே மேசையில் இருந்தார். நான் போடுவதைப் பார்த்தார். உடனே மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார்.

சுவரில் விதிகள் ஒட்டியிருந்தன. நின்று முழுக்கப் படித்தேன். ஒலிபெருக்கி வண்டிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும். மருத்துவமனை, பள்ளி, விகாரை அருகே ஒலிக்கக் கூடாது.

எங்கள் சந்தில் மருத்துவமனை இல்லை. நோயாளி மட்டும்தான்.

ஜூன் 12, புதன்

அளவெடுப்பு.

பிசித் அண்ணன் மூன்று கால் தாங்கியில் ஒலிமானியைப் பொருத்தி எங்கள் கேட் அருகே காத்திருந்தார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு. வண்டி வந்தது. வந்தது என்று நான்கு வீட்டுக்குத்தான் தெரிந்திருக்கும். என் குரல் பக்கத்து அறையில் ரகசியம் பேசுவதுபோல் மெத்தை விற்றது.

"என்னடா இது," ஓராசா அக்கா கரண்டியோடு வெளியே வந்தாள். "மெத்தைக்காரிக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?"

பிசித் அண்ணன் காது சிவந்துவிட்டது. முந்தின நாள் சாயங்காலமே தேச்சா மாமாவுக்குப் போன் செய்திருக்கிறார். "நாளைக்கு அளக்க வர்றேன் மாமா, தப்பா நெனச்சுக்காதீங்க." சொல்லாமல் போய் நின்றால் பெரியவரை அவமானப்படுத்துவதாக ஆகிவிடாதா? எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் போன் செய்திருப்பேன்.

அளவு வரம்புக்குள். கையெழுத்து. கோப்பு மூடப்பட்டது.

வண்டி போனதே அப்பாவுக்குத் தெரியவில்லை. மதியம்வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "இன்னைக்கு லீவா?" என்று கேட்டார்.

ஜூன் 13, வியாழன்

மறுபடி பழைய சத்தம். ஐந்தாவது கம்பம்.

ஜூன் 17, திங்கள்

சந்தையில் தேச்சா மாமா என்னைப் பார்த்துவிட்டு, வாங்கிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு வந்தார். முகம் வாடியிருந்தது.

"யாரோ என்மேல புகார் குடுத்திருக்காங்க பாப்பா. இருபது வருசத்துல முதல் தடவை. ஒரு வாரமா தூக்கமில்ல."

நான் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாருன்னு தெரிஞ்சா கால்ல விழுந்து கேட்டிருப்பேன், என்ன குத்தம்னு. யோசிச்சு யோசிச்சு நானே கண்டுபிடிச்சிட்டேன். நடுநடுவுல வர்ற மேளம் இருக்குல்ல, டம் டம்னு? அதான். அதை மொத்தமாத் தூக்கிட்டேன். இனிமே உன் குரல் மட்டும்தான். இடைவெளி விடாம. உன் குரலைப் பிடிக்காதவன் இந்த ஊர்ல எவன் இருக்கான், சொல்லு?"

"ரொம்ப நன்றி மாமா" என்றேன்.

நன்றி என்றேன்! எதற்கு? யாருடைய வாய் அது?

சுட்ட பன்றி இறைச்சியும் ஒட்டரிசிச் சோறும் ஒரு பொட்டலம் வாங்கி என் பையில் திணித்துவிட்டுப் போனார். அப்பா நன்றாகச் சாப்பிட்டார்.

ஜூன் 19, புதன்

மேளம் இருந்தபோது அது விளம்பரம். இப்போது ஒரு பெண் தெருவில் பேசிக்கொண்டே வருகிறாள்.

அப்பா இப்போதெல்லாம் தலை வாரிக்கொள்கிறார். பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொள்கிறார். பொத்தான் மாறிப் போகிறது. நான் சரிசெய்தால், "தேங்க்ஸ் நர்சம்மா."

என் கைப்பேசியில் வண்டியின் ஒலியைப் பதிந்து ஹெட்போனில் கேட்டேன். தொழில்முறையாக. 'மூணே நாள்' என்பதற்கு முன் அவள் மூச்சு இழுக்கிறாள். மெத்தைகள் உண்மையிலேயே தீர்ந்துவிடப் போகின்றன என்று நம்புகிறாள். யாராவது ஏமாந்துவிடப் போகிறார்களே என்ற பதற்றம். இப்படி நான் கடைசியாக எப்போது எதற்குப் பதறினேன்? நாளெல்லாம் ஹெட்போன், வீட்டில் நோயாளி. என் பேச்சு இப்போது முணுமுணுப்பு. அப்பாவைக் குறை சொல்ல முடியாது. இரண்டில் எது ரின் என்று கேட்டால் நானும் வண்டியைத்தான் காட்டுவேன்.

பாங்காக்கில் ரயில் பெட்டிக்குள் திரைகள் பேசும். மின்தூக்கிக்குள் பேசும். பெட்ரோல் போடும் இடத்தில் குழாய்க்கு மேலே ஒரு திரை ஷாம்பு விற்கும். இறங்கித் தப்பிக்க இடமில்லாத இடமாகப் பார்த்து வைத்திருப்பார்கள். மூன்று நிறுத்தம் கண்ணை மூடிக்கொண்டு போவேன். எரிச்சல் வந்ததே தவிர, எதிர்த்து ஒரு வரி எழுதியதில்லை. அங்கே யார் வீட்டு அப்பா யார் குரலைக் கேட்டு எழுந்தாரோ. நான் யோசிக்கவே இல்லை.

ஜூன் 25, செவ்வாய்

எழுதிவிடு.

அரை மணி நேரம். ஹெட்போனில் யாரோ காப்பீட்டுத் திட்டம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கழற்றினேன். நிசப்தம். வண்டி வந்துபோய்விட்டது. நாற்காலி காலி. கேட் திறந்து— செருப்பு இல்லை.

முதல் கம்பம். ஐந்தாம் கம்பம். சந்து முனை. அப்பா, அப்பா என்று கத்தினேன். கத்தினேன் என்று நினைத்தேன், குரல் வரவில்லை. ஓராசா அக்கா அடுப்பை அணைக்காமலே ஸ்கூட்டரை எடுத்தாள். "ஏறுடி. அழறத அப்புறம் வச்சுக்கலாம்." விகாரை, சந்தை, பழைய தபால் நிலையம். அங்கே இருப்பார் என்று நிச்சயமாக நம்பினேன். இல்லை. வாய்க்காலைப் பார்த்தோம். இருவருமே பார்த்தோம், எதற்குப் பார்க்கிறோம் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

ஐந்து மணிக்குத் தேச்சா மாமாவின் வண்டி சந்துக்குள் வந்தது. சத்தமே இல்லாமல். முன் இருக்கையில் அப்பா. மடியில் தண்ணீர் பாட்டில். ஒரு காலில் மட்டும் செருப்பு.

வண்டிக்குப் பின்னாலேயே நடந்திருக்கிறார். எல்லாச் சந்திலும். பிறகு நெடுஞ்சாலையில், லாரிகளுக்கு நடுவே, பாலம் தாண்டி.

தேச்சா மாமா வண்டியை விட்டு இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே சொன்னார். "கண்ணாடில பாத்தேன். யாரோ பின்னாலயே வர்றாரு, கை ஆட்டுறாரு. மெத்தை வேணும் போலன்னு நெனச்சேன் பாப்பா. நிறுத்தி, எறங்கிப் போய், விலையெல்லாம் சொன்னேன். சட்டையைப் பாத்த அப்புறம்தான் நம்ம தபால்காரண்ணன்னு தெரிஞ்சுது. அவரு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. 'என் பொண்ணை எறக்கி விடுப்பா'ங்கறாரு. 'ஏன் அவளை மேல கட்டி வச்சிருக்க? என்ன தப்பு பண்ணா?'"

அப்பாவைக் கைபிடித்து இறக்கினேன்.

"அந்தப் புகாரு," என்றார். "நீயா?"

"ஆமா மாமா."

ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். "வாயைத் தொறந்து சொல்லியிருக்கக் கூடாதா? இந்த ஊர்லயே பெரிய வாய் உன்னோடதுதானே பாப்பா."

ஜூன் 26, புதன்

பாதத்தில் கண்ணாடிக் கீறல். ஆழமில்லை. அப்பாவுக்கு எதுவும் நினைவில்லை. கட்டைப் பார்த்து, "யாருக்கு அடி?" என்கிறார்.

ஜூன் 30, ஞாயிறு

தேச்சா மாமா ஒரு கூடை லம்யாய்ப் பழத்தோடு வந்தார். என் குரலை வண்டியிலிருந்து அழித்துவிட்டதாகச் சொன்னார். பிறகு பழத்தை உரிக்க ஆரம்பித்தார். உரித்துக்கொண்டே இருந்தார். இன்னும் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது.

"ஒரு விஷயம் பாப்பா. ஆத்துக்கு அந்தப் பக்கத்து வண்டிக்காரங்க ரெண்டு பேரு... உன் குரலைக் கேட்டாங்க. பென் டிரைவ்ல போட்டுக் குடுத்துட்டேன். போன வருசமே."

"மாமா!"

"கேக்குறப்ப எப்படிம்மா இல்லேங்கறது?"

சிரித்துவிட்டேன். அவரும். மெத்தைக் கடை வாசலிலும் அதே பதிவு ஓடுகிறதாம். நான் இப்போது எத்தனை இடத்தில் இருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அழித்துத் தீர்க்க முடியாது. ஒருவர் மனம் வைத்தால் போதாது. எல்லா வண்டிக்கும் சேர்த்து ஊர் ஒரு விதி வைக்க வேண்டும்.

"நானே நகராட்சில கேக்குறேன், கூட்டம் போடுங்கன்னு" என்றார். கொஞ்சம் தயங்கி, இடது காதைத் தட்டிக் காட்டினார். "இது செத்து நாலு வருசமாச்சு. எனக்குக் கேக்கலைன்னுதான் கூட்டிக்கூட்டி வச்சேன். ஊருக்குக் கேக்குறது எனக்கு எப்படித் தெரியும்? ஒருத்தனும் சொல்லலையே."

ஜூலை 8, திங்கள்

விகாரை மண்டபம். ஐம்பது பேர் இருக்கலாம். எல்லோரும் புன்னகையோடு.

"ஒலிபெருக்கி விளம்பரம் யாருக்காவது தொந்தரவா இருக்குங்களா?" என்றார் பிசித் அண்ணன்.

புன்னகை. விசிறிகள் சுற்றின. மூன்றாவது வரிசையில் ஒருவர், "பழகிடுச்சுங்க" என்றார். இன்னொருவர், "இல்லேன்னா போரடிக்கும்" என்றார். தலைமைத் துறவி மட்டும், "காலையில நம்ம விகாரை ஸ்பீக்கரு கொஞ்சம் அதிகம்னு எனக்கே தோணுது, அதையும் எழுதிக்குங்க" என்றார். யாரும் அதைக்கூட ஆமோதிக்கத் துணியவில்லை.

எழுந்தேன். யாரோ மைக்கை நீட்டினார்கள். வேண்டாம் என்றேன்.

"எனக்குத் தொந்தரவா இருக்கு."

ஐம்பது தலைகள் திரும்பின. முகத்தைப் பார்த்து அல்ல. குரலைக் கேட்டு. பின்வரிசையில் ஒரு அம்மாள், "அட, மெத்தைப் பொண்ணு!" என்றாள். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு சொன்னேன். கம்பங்களின் எண்ணிக்கை. நெடுஞ்சாலை. அப்பா தேச்சா மாமாவிடம் கேட்ட கேள்வி.

"என் குரலை நான்தான் குடுத்தேன். யார் மேலயும் தப்பில்ல. ஆனா வேணாம்னு நெனைக்கிறவங்களுக்கு இப்ப போறதுக்கு இடமில்ல. படுக்கையில இருக்கறவங்க எழுந்து ஜன்னலைச் சாத்தக்கூட முடியாது."

முதலில் கை தூக்கியவர் தேச்சா மாமா. அப்புறம் எங்கள் எதிர்வீட்டு மருமகள். அவள் மாமியார் பக்கவாதத்தில் படுத்து இரண்டு வருடம். எதிரிலேயே இருந்துகொண்டு ஒரு நாள்கூட அவள் என்னிடம் சொன்னதில்லை, நானும் அவளிடம் சொன்னதில்லை. ஓராசா அக்கா இரண்டு கையையும் தூக்கினாள். "ஒண்ணு எனக்கு, ஒண்ணு கடைக்கு." அதன் பிறகு எண்ண முடியவில்லை.

முடிவானவை: சுகாதாரத் தொண்டர்களின் பட்டியல்படி நோயாளி இருக்கும் சந்துகளில் ஒலி கூடாது, எந்த ஊர் வண்டியானாலும். மற்ற இடங்களில் காலை இரண்டு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம். கடை வாசல் ஒலிபெருக்கி கடைக்குள் திரும்பியிருக்க வேண்டும். சாவு அறிவிப்புக்கு விலக்கு. ஒலி அளவெடுப்பு முன்கூட்டிப் போன் செய்யாமல் நடக்கும். கடைசியைப் பிசித் அண்ணன் தானாகவே, தலையை நிமிர்த்தாமல், எழுதினார்.

மெத்தைக் கடை அம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டாள். "அப்ப 'கடைசி மூணு நாள்'னு சொல்லலாமா, கூடாதா?"

தலைமைத் துறவி யோசித்தார். "மூணு நாளைக்குச் சொல்லலாம்மா."

ஜூலை 15, திங்கள்

இன்று முதல் விதி. சந்து முனையில் பலகை. ஒலிபெருக்கிப் படம், குறுக்கே சிவப்புக் கோடு.

பத்து மணிக்கு ஒன்றும் வரவில்லை. ஓராசா அக்காவின் பானை மூடி தடதடப்பது இங்கே கேட்கிறது. யார் வீட்டிலோ துணி அலசும் சத்தம். நம் சந்தில் ஒரு குயில் இருக்கிறது, எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

எதிர்வீட்டு மருமகள் சுவர்மேல் எட்டிப் பார்த்தாள். "அத்தை மதியம் தூங்கினாங்க. ரெண்டு வருசத்துல முதல் தடவை. குறட்டைகூட." அவள் கண் கலங்கியிருந்தது.

அப்பா தலை வாரி, காக்கிச் சட்டை போட்டு, நாலு மணிவரை ஜன்னலோரம்.

"லீவா?"

ஜூலை 16, செவ்வாய்

"இன்னைக்கும் லீவா?"

ஜூலை 18, வியாழன்

சரியாகச் சாப்பிடவில்லை. பச்சைமிளகாய்த் துவையலைத் தொடவேயில்லை. கேட்டுக்குப் போகவும் இல்லை. கேட் நாளெல்லாம் திறந்துதான் கிடக்கிறது. நான் கேட்டது இதைத்தானே?

சாயங்காலம்: "நர்சம்மா, என் பொண்ணு கோவிச்சுக்கிட்டாளா?"

"நான்தான்ப்பா ரின்."

என்னைப் பார்த்தார். கவனமாக, முகவரி தெளிவில்லாத உறையைப் பார்ப்பதுபோல். பிறகு என் கையை மரியாதையாகத் தட்டிக் கொடுத்தார். "நீங்க ரொம்ப நல்லவங்க. ஆனா அவ சத்தமாப் பேசுவாம்மா."

தேச்சா மாமா போன் செய்தார். ஓராசா அக்கா சொல்லியிருப்பாள். "நான் வேணா ஒரே ஒரு தடவை, மெதுவா, உங்க வாசல் வரைக்கும் மட்டும் வரட்டுமா பாப்பா? பழைய பதிவை மெத்தைக்கடைல வாங்கிக்கிறேன். பிசித்துகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

சரி என்று சொல்ல வாய் திறந்தேன். எதிர்வீட்டு ஜன்னல் தெரிந்தது. திரை விலகியிருந்தது, மின்விசிறி சுற்றியது, யாரோ தூங்கினார்கள்.

"வேணாம் மாமா" என்றேன்.

இந்த முறை சுலபமாக வந்தது, ஒரே வரி.

ஜூலை 19, வெள்ளி

நாலு மணி. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான் இன்று சரியாக இருந்தது.

நான் சமையலறை வழியாகப் பின்பக்கம் போய், வாய்க்காலை ஒட்டிச் சுற்றிக்கொண்டு, சந்துக்குள் வந்தேன். கேட்டுக்கு வெளியே நின்றேன். ஓராசா அக்கா கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்தாள். குழாயை மூடினாள்.

"வந்துட்டோம், வந்துட்டோம்."

முணுமுணுப்பு. அது இல்லை. கம்பளிக்குள் எப்படி மூச்சு இழுத்தேன்? வயிற்றிலிருந்து. எதிர்வீட்டை எழுப்பாத அளவுக்கு, ஜன்னலோரத்தில் இருப்பவருக்கு எட்டும் அளவுக்கு. மறுபடி.

"வந்துட்டோம், வந்துட்டோம்! உங்க வாசலுக்கே வந்துட்டோம்! மெத்தை, கட்டில், அலமாரி—"

உள்ளே நாற்காலி நகர்ந்தது.

அப்பா கேட்டருகே வந்தார். முதலில் என் தலைக்கு மேலே பார்த்தார், வண்டியைத் தேடி. சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு என் வாயை. பிறகு என்னை.

"எறக்கி விட்டுட்டானா?"

"எறக்கி விட்டுட்டாருப்பா."

"சாப்பிட்டியா?"

"இல்லப்பா."

கேட்டை அகலத் திறந்து ஒதுங்கி நின்றார். நான் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், ஒட்டரிசியை ஆவியில் வைத்தேன்.